ஈரல் உறங்கும் அறை

கல்லீரலுக்குப் பொறுமை இல்லாத காலத்தில் யாரும் காலண்டர் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும், "உங்களுக்கு ஈரல் கிடைத்திருக்கிறது, கிளம்பி வாருங்கள்" என்பார்கள், அடுப்பில் கொதிக்கிற குழம்பை அப்படியே இறக்கிவிட்டு ஓடுவார்கள். ராகு காலமாவது, எமகண்டமாவது! இறந்தவர் உடம்பிலிருந்து எடுத்த ஈரல் ரத்த ஓட்டம் இல்லாமல் அரை நாள் தாங்கினாலே பெரிய விஷயம். அதற்குள் இன்னொரு உடம்பில் வைத்துத் தைத்து, ரத்தத்தைத் திறந்துவிட வேண்டும். தாமதித்தால் அது யாருக்கும் ஆகாது.

அப்புறம் உறக்க மருந்து வந்தது. இனி ஈரல் மூன்று நாள் பொறுக்கும் என்றார்கள். ஈரலுக்குப் பொறுமை வந்ததும் மனிதர்களுக்குப் புதுப்புதுக் காரியங்கள் முளைத்துவிட்டன. அமெரிக்காவிலிருந்து மகன் வந்து இறங்கட்டும் என்றார் ஒருவர். பௌர்ணமி கழியட்டும் என்றார் ஒரு கட்சிக்காரர். மைத்துனி கல்யாணத்துக்குத் தலையைக் காட்டிவிட்டு வந்து கத்தியை எடுக்கிறேன் என்று போன சர்ஜனும் உண்டு. சட்டமும் இதற்கெல்லாம் தோதாக அமைந்துவிட்டது. நோயாளி தாங்குவார் என்று டாக்டர் சொல்லிவிட்டால், அந்த மூன்று நாளுக்குள் ஆபரேஷனை எப்போது வைப்பது என்பது குடும்பத்தின் விருப்பம்.

பாளையங்கோட்டை சங்கரவடிவுக்கு இந்தச் சட்டம் வெல்லக்கட்டியாய் இனித்தது.

"வியாழக்கிழமை காலையில வச்சுக்கிடுவோம் டாக்டரம்மா," என்றாள். அன்று செவ்வாய்க்கிழமை. "இப்ப தம்பிக்குச் சந்திராஷ்டமம் நடக்குது. மிதுன ராசில்லா? புதன்கிழமை ராத்திரியோட அது போயிரும். வியாழக்கிழமை விடிஞ்சா நல்ல நேரம்."

டாக்டர் கிரேஸ் பொன்மணி மயக்க மருந்து நிபுணர். ஆபரேஷன் மேசையில் ஆளை உறங்க வைப்பது, ஆபரேஷனுக்கு முன் ஈரலை உறங்க வைப்பது, இரண்டும் அவர் வேலை. தேவாலயத்துக்குப் போகிற குடும்பம். ஆனாலும் இந்த வார்டுக்கு வந்த பிறகு பஞ்சாங்கம் முழுவதும் அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. நோயாளிகளின் சொந்தக்காரர்கள் தினமும் ஒப்பித்து ஒப்பித்து ஆன புண்ணியம்.

"வியாழக்கிழமை மத்தியானத்தோட ஈரலுக்குக் கெடு முடியுது வடிவக்கா," என்றார்.

"காலையிலதானே சொல்லுதேன். இடம் இருக்குல்லா?"

"இடம் இருக்கு. எதுக்கு அந்த ஓரம் வரைக்கும் போகணும்னு கேக்கிறேன்."

சங்கரவடிவு பதில் சொல்லவில்லை. அவளுக்கு ஐம்பதை நெருங்குகிற வயது. ஜாக்கெட் தைக்கும் கடை வைத்து, ஆறேழு பெண்களுக்குச் சம்பளம் கொடுக்கிறவள். வாய் கொடுத்தால் மீள முடியாது என்று கடைத்தெருவில் பெயர். அப்படிப்பட்டவள் பேசாமல் இருந்தால், முடிவை மாற்ற மாட்டாள் என்று அர்த்தம். தம்பி ஆவுடையப்பனுக்கு வந்த பெண் ஜாதகங்களை எல்லாம் இப்படித்தான் பேசாமல் இருந்தே திருப்பி அனுப்பினாள். அவன் முப்பத்தாறு வயதிலும் கயத்தாறு காற்றாலைகளில் ஏறி இறங்கி ரிப்பேர் பார்த்துக்கொண்டு, அக்காவின் சோற்றைத் தின்றுகொண்டு, "எக்கா சொன்னாச் சரி" என்று இருந்தான். போன வருடம் வந்த மஞ்சள் காமாலை அவன் ஈரலைச் சுருட்டிப்போட்டுவிட்டது. வேறு ஈரல் வைத்தால்தான் பிழைப்பான் என்று ஆகிவிட்ட பிறகும் அவன் அதையேதான் சொன்னான். கேட்கும்போதெல்லாம் முடிவு அவள் தலையில் வந்து விழுந்தது.

டாக்டர் அவளை ஈரல் அறைக்குக் கூட்டிப்போனார். பேருக்குத்தான் அறை. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, வெளியே நடைபாதையில் ஒரு பெஞ்சு. உறக்க மருந்து வந்த புதிதில், எடுத்த ஈரலை யாருக்கும் தெரியாமல் வேறு ஊருக்கு விற்கிறார்கள் என்று ஒரு புரளி கிளம்பி ஊரே கொந்தளித்தது. அதன் பிறகுதான், வைத்த ஈரல் வைத்த இடத்திலேயே இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கும்படி எல்லா ஆஸ்பத்திரியிலும் இப்படிக் கண்ணாடி போட்டார்கள். உள்ளே வரிசையாகப் பெட்டிகள். நர்சுகள் அவற்றைத் தொட்டில் என்பார்கள். அன்று ஒரே ஒரு தொட்டிலில்தான் விளக்கு எரிந்தது. தெளிந்த திரவத்துக்குள் பழுப்பாய், ஒரு கைப்பை அளவுக்கு, அசையாமல் கிடந்தது ஈரல்.

"செத்தது மாதிரில்லா கிடக்கு," என்றாள் சங்கரவடிவு.

"சாகல. மரத்துப்போய்க் கிடக்கு. நீங்க பல்லுப் பிடுங்கியிருக்கீங்களா?"

"போன வருசம். கடவாய்ப்பல்லு."

"ஊசி போட்டு மரத்துப்போக வெச்சாங்கல்ல, அந்தக் குடும்பத்து மருந்துதான் இது. ஈரல்ல ஒவ்வொரு செல்லுக்கும் உப்பு உள்ள போறதுக்கு வாசல் இருக்கு. ரத்தம் ஓடுற வரைக்கும் போகிற உப்பைத் திருப்பி வெளியே தள்ளிக்கிட்டே இருக்கும். ரத்தம் நின்னுட்டா தள்ளுறதுக்குத் தெம்பு இருக்காது. உப்பு பாயும், பின்னாலயே தண்ணி பாயும், செல் ஊதி வெடிச்சிரும். இந்த மருந்து முதல்லயே அந்த வாசலைச் சாத்திருது. உப்பும் வராது, பசியும் எடுக்காது, பதட்டமும் கிடையாது. மறுபடி ரத்தம் வரும்போது மெதுவா வாசலைத் திறந்துக்கிட்டு எழுந்திருக்கும்."

"பொறவென்ன! நல்லாத் தூங்கட்டும். அவசரப்பட்டு எழுப்புவானேன்?"

"ஈரல் தூங்குது வடிவக்கா. உங்க தம்பி தூங்கலியே. கெட்டுப்போன ஈரலை உள்ள வெச்சுக்கிட்டு அவர் கிடக்கிறாரு. அது வடிகட்டாம விட்ட கழிவெல்லாம் மூளைக்கு ஏறிக்கிட்டு இருக்கு."

"அவனுக்கும் அந்த ஊசியைப் போட்டு ரெண்டு நாள் மரத்துப்போக வையுங்களேன்."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்த அளவு மருந்து ரத்தத்துல கலந்தா இதயமே நின்னுரும். தனியா எடுத்து வெச்ச ஈரலுக்குத்தான் இந்தச் சொகுசெல்லாம். மனுஷனுக்குக் கிடையாது."

சங்கரவடிவு கண்ணாடியைப் பார்த்தபடியே, "எங்கப்பாவை ஒரு சந்திராஷ்டமத்துலதான் ஆபரேஷனுக்கு உள்ள அனுப்பினேன்," என்றாள். "சின்ன ஆபரேஷன். குடல்வால். நாள் பாருன்னு எல்லாரும் சொன்னாவ, காலண்டரை நான் பாக்கவே இல்ல. உள்ள போனவரு பொணமாத்தான் வந்தாரு. அதுல இருந்து எனக்குத் தைரியம் இல்ல டாக்டரம்மா. இவனுக்கும் ஒண்ணு ஆச்சுன்னா, நாள் பாத்தும் தெரிஞ்சே அனுப்பினேன்னு ஆயிரும். அந்தப் பழியை நான் சுமக்க முடியாது."

டாக்டர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. காலையில் பார்த்தபோது நோயாளி தாங்குவார் என்றுதான் தோன்றியது. அப்படித்தான் எழுதியும் கொடுத்திருந்தார்.

ஆவுடையப்பன் மஞ்சள் பூத்த கண்களைப் பாதி திறந்தபடி படுத்திருந்தான். விரித்த கைகள் தாமாக வெடுக் வெடுக்கென்று ஆடின. சங்கரவடிவு பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எக்கா, மேல காத்து பலமா இருக்கு," என்றான். "கயித்தை இறுக்கிப் பிடி. விட்டுராத."

"பிடிச்சிருக்கேன்யா."

"இறக்கை சுத்துது பாரு. நிறுத்தச் சொல்லு."

காற்றாலை உச்சியில் நிற்பதாக நினைத்துக்கொண்டிருந்தான். கனவு காண்கிறான் என்று அவள் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவன் கண்ணை மூடினான். நன்றாகத் தூங்கட்டும் என்று போர்வையை இழுத்துவிட்டு வெளியே வந்தாள்.

நடைபாதை பெஞ்சில் இப்போது ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். தலை கலைந்து, மடியில் ஒரு துணிப்பை. ஈரல் அறையின் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சங்கரவடிவு கேண்டீனில் வாங்கிய இட்லிப் பொட்டலத்தோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தனியாகச் சாப்பிட்டுப் பழக்கமில்லாதவள்.

"ஏ பிள்ள, சாப்பிட்டியா?"

"வேண்டாங்க்கா."

"வேண்டாம்னா, சாப்பிட்டியா சாப்பிடலியா? அதைச் சொல்லு. இந்தா, ஒண்ணு எடு. ஆஸ்பத்திரிக்கு வந்தா முதல்ல நம்ம உடம்பைப் பாத்துக்கிடணும். இல்லேன்னா நமக்கும் ஒரு கட்டில் போட்டுருவாவ."

அந்தப் பெண் ஒரு இட்லியை எடுத்தாள், தின்னாமல் கையில் வைத்துக்கொண்டாள். பெயர் முப்பிடாதி என்றாள், ஊர் புளியங்குடி. யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டதற்குத் தலையை ஆட்டினாளே தவிர ஒன்றும் சொல்லவில்லை. சங்கரவடிவுக்கு அது போதுமானதாக இருந்தது. அவள் தன் கதையைத் திறந்துவிட்டாள். தம்பி, காற்றாலை, மஞ்சள் காமாலை, ஒரு வருடக் காத்திருப்பு, நேற்று வந்த போன், சந்திராஷ்டமம் என்று மூச்சு விடாமல் கொட்டினாள்.

"அதோ விளக்கு எரியுதுல்லா, அந்தத் தொட்டில்தான். எந்த மகராசனோ, யாரு பெத்த பிள்ளையோ. பைக்ல போகையில லாரி அடிச்சு மூளை செத்துப்போச்சாம். அவ்வளவுதான் எங்களுக்குச் சொன்னாவ. பேரு ஊரு எல்லாம் சொல்ல மாட்டாவளாம்."

முப்பிடாதி சட்டென்று திரும்பி அவளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். "என்னைக்கு வைக்காவ?" என்று கேட்டாள்.

"வியாழக்கிழமை."

"இன்னும் ரெண்டு நாள் இருக்கா?" அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "நல்லதுக்கா. ரெண்டு நாள் இருக்கட்டும். நீங்க நல்லா இருப்பீய."

சங்கரவடிவுக்கு ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் புரிந்தது. புரிந்ததும் கையிலிருந்த பொட்டலம் மடியில் சரிந்தது.

"எம்மா... உன் வீட்டுக்காரரா?"

முப்பிடாதி தலையசைத்தாள்.

"நேத்து சாயங்காலம்தான் எரிச்சாவ. இன்னைக்குக் காலையில சாம்பல் அள்ளப் போனாவ. என்னை மூலையில உக்காரச் சொன்னாவ. நான் அவரு துணிமணி ஆஸ்பத்திரியில கிடக்குன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன்." குரல் நடுங்காமல், யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள். "தாலியைக் கழத்தணும்ங்காரு எங்க மாமா. அவன் ஒரு துண்டாவது உசுரோட இருக்கையில எப்படிக் கழத்தலாம்னு அத்தை சண்டைக்குப் போறாவ. நான் யாரு பேச்சைக் கேக்கட்டும்? எனக்கு அழுகையே வரலக்கா. அழுதா அவரு போயிட்டாருன்னு ஆயிரும்லா. இங்க வந்து இதைப் பாத்த பொறவுதான் மூச்சு விட முடியுது. அவரு இங்கதான இருக்காரு. இன்னும் ரெண்டு நாள் இருப்பாரு."

சங்கரவடிவு மடியில் சரிந்த இட்லியை அள்ளிப் பொட்டலத்தில் வைத்தாள். அவள் பயத்துக்குக் கேட்டு வாங்கிய இரண்டு நாள், இந்தப் பெண்ணுக்கு இப்படிப் போய்ச் சேர்ந்திருக்கிறது. புருஷன் செத்ததை அழவும் முடியாமல், இருக்கிறான் என்று சிரிக்கவும் முடியாமல் நடுவில் தொங்குகிறாள். அந்தத் தொங்கலையே சுகம் என்று பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

"உங்க தம்பி எப்படி இருக்காரு?" என்று முப்பிடாதியே கேட்டாள்.

"தூங்குதான்."

"அவரும் அப்படித்தான் கிடந்தாரு. மெஷின்ல போட்டு வச்சிருந்தாவ. எனக்குப் பாத்தா தூங்குத மாதிரியே இருந்துச்சு. டாக்டருமாரு வந்து வந்து சொல்லுதாவ, எல்லாம் முடிஞ்சுதுன்னு. நான் தூங்குதாரு, இன்னும் ஒரு நாள் பாப்போம், இன்னும் ஒரு நாள் பாப்போம்னு சொல்லிட்டே உக்காந்திருந்தேன்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். குத்திக்காட்ட வேண்டும் என்ற எண்ணமே அவளுக்கு இல்லை. ஆனால் சங்கரவடிவு இட்லிப் பொட்டலத்தைப் பெஞ்சிலேயே போட்டாள். எழுந்தாள், நடந்தாள், பாதி வழியில் ஓடினாள். அந்த வயதில், அந்த உடம்போடு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு பொம்பளை ஆஸ்பத்திரி நடைபாதையில் ஓடியதை வார்டே பார்த்தது.

"ஆவுடை! எய்யா!"

அவன் கண்ணைத் திறந்தான். அவளைப் பார்த்தான். "சார், லைனை ஆஃப் பண்ணிட்டேன் சார்," என்றான், மரியாதையாக. அப்புறம் கண்கள் மேலே செருகிக்கொண்டன. உலுக்கினாள். "நான் அக்கால்லா... வடிவு... என்னையத் தெரியலியா?" அவன் கை மட்டும் வெடுக்கென்று ஆடியது.

தூங்குகிறான், தூங்குகிறான் என்று காலையிலிருந்து தானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தோம் என்று நினைத்ததும் அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் பொங்கியது.

டாக்டர் கிரேஸ் கூப்பிடாமலே வந்துவிட்டார். கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார், மார்பில் விரலால் அழுத்திப் பார்த்தார். "மூளைக்கு ஏறிருச்சு. காலையில இப்படி இல்ல," என்றார்.

"இப்பவே வையுங்க."

"வடிவக்கா..."

"இப்பவே வையுங்கன்னு சொல்லுதேன்! என்னத்தைப் பாத்துக்கிட்டு நிக்கீய?"

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பழக்கதோஷம்தான். "செவ்வாய்க்கிழமை மூணு மணி. ராகு காலம். பின்னால எங்களைக் குறை சொல்லக் கூடாது."

"ராகு காலம்னு எனக்கு நீங்களா சொல்லித் தரணும்? ராகுவும் இருக்கட்டும், அவன் கூட்டாளியும் இருக்கட்டும். எம்பிள்ளையைத் தூக்கிட்டுப் போங்க."

பயம் போய்விட்டது என்று யாராவது நினைத்தால் தப்பு. அப்பாவின் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. அந்தப் பயத்தோடேதான் தம்பியின் ஸ்ட்ரெச்சர் பின்னால் லிஃப்ட் வரை போனாள், கதவு மூடும் வரை நின்றாள்.

திரும்பி வந்தபோது ஈரல் அறைக் கதவைத் திறந்து தொட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முப்பிடாதி குறுக்கே வந்து நின்றாள். நர்சுகள் திகைத்தார்கள்.

"எக்கா, வியாழக்கிழமைன்னீயளே," என்றாள். சங்கரவடிவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு நாள் இருக்குன்னீயளே."

"சொன்னேன்."

"ஒரு நாளாவது விடுங்கக்கா. நான் உங்க காலைப் பிடிக்கேன்."

இதற்கு நல்ல வார்த்தை ஏதாவது சொல்லலாம். உன் புருஷன் தெய்வமாயிட்டார், எங்க குலம் உள்ளவரை மறக்க மாட்டோம் என்று எல்லாரும் சொல்வதைச் சொல்லலாம். சங்கரவடிவுக்கு அதெல்லாம் வாயில் வரவில்லை.

"எனக்கு என் தம்பி வேணும்மா," என்றாள். அவளுக்கே அழுகை முட்டியது. "உன்கிட்ட மறைச்சுப் பேச எனக்குத் தெரியாது. நீ ஒரு நாள் கேக்குத, நான் ரெண்டு நாள் கேட்டேன். ரெண்டு பேரும் பயந்துபோயிக் கிடக்கோம். உன் வீட்டுக்காரரு அந்தப் பெட்டியில கிடக்கதுக்கா நீ கையெழுத்துப் போட்டுக் குடுத்தே? சொல்லு. இதுக்கா குடுத்தே?"

டாக்டர் கிரேஸ் அங்கே வந்து நின்றார். இரண்டு பெண்களையும் பார்த்தார், விஷயம் விளங்கியது. கொடுத்தவர் குடும்பமும் வாங்கியவர் குடும்பமும் சந்திக்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி. அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நீங்க ரெண்டு பேரும் யாருன்னு எனக்குத் தெரியாது," என்றார் சுவரைப் பார்த்து. "பொதுவா ஒண்ணு சொல்றேன். இந்த மருந்தை இத்தனை வருஷமா நான்தான் போடுறேன். தூங்குற ஈரல் எந்த வேலையும் செய்யாதும்மா. பித்தம் சுரக்காது, சூடு இருக்காது. முழிச்சாத்தான் அது ஈரல். நாங்க தூங்க வைக்கிறதே எழுப்புறதுக்குத்தான்."

சேலைத் தலைப்பைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாய் விட்டன. முப்பிடாதி விலகி நின்றாள். தொட்டில் அவளைக் கடக்கும்போது மூடியின் மேல் கையை வைத்து, கூடவே நாலடி நடந்து, லிஃப்ட் வாசலில் கையை எடுத்தாள்.

அன்று அவளை ஊருக்கு அனுப்ப சங்கரவடிவு சம்மதிக்கவில்லை. புளியங்குடிக்குப் போன் போட்டு, "நான் பாளையங்கோட்டையில இருந்து பேசுதேன். உங்க மருமவ என் கூடப் பத்திரமா இருக்கா. நாளைக்குக் கொண்டாந்து விடுதேன், யாரும் அவளை ஏசக் கூடாது" என்று அதிகாரமாய்ச் சொல்லி வைத்தாள். யார் எவர் என்று கேட்கிற தைரியம் மறுமுனையில் யாருக்கும் வரவில்லை.

மறுநாள் காலை வெயில் ஏறின பிறகு டாக்டர் கிரேஸ் வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது, முகமூடியின் தடம் கன்னத்தில் பதிந்திருந்தது. சங்கரவடிவு எழுந்து நின்றாள்.

"வெச்சாச்சு. ரத்தத்தைத் திறந்துவிட்ட உடனே நல்லா நிறம் வந்துச்சு. ஆனா ரொம்ப நேரம் சும்மாவே கிடந்துச்சு வடிவக்கா. எனக்கே உதறல்தான். மருந்து முழுக்கக் கழியணும்ல. விடியிற நேரத்துக்குப் பித்தநீர் வந்துச்சு. முதல்ல ஒரு சொட்டு. இப்ப நல்லா வருது, பொன் நிறத்துல." அப்புறம் யாரையும் பார்க்காமல், "முழிச்சிருச்சு," என்றார்.

முப்பிடாதி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். முதலில் சிரித்தாள், நிஜமாகவே சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே உடைந்தது. "என்னைய விட்டுட்டுப் போயிட்டீயளே," என்று ஒரு குரல் எடுத்தாள் பாருங்கள், மாடிப்படி வரைக்கும் கேட்டது. நர்சு ஒருத்தி சத்தம் போடாதீங்க என்று சொல்ல வந்தாள். சங்கரவடிவு பார்த்த பார்வையில் அப்படியே திரும்பிப் போய்விட்டாள். சங்கரவடிவு அந்தப் பெண்ணைத் தோளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, அழு, நல்லா அழு என்று தானும் சேர்ந்து அழுதாள். அவள் அழுதது அப்பாவுக்காகவும்தான்.

ஆவுடையப்பன் தேறினான். மஞ்சள் இறங்கியது, கை ஆடுவது நின்றது, பசிக்கிறது என்றான், ஆஸ்பத்திரிச் சோற்றைக் குறை சொன்னான். குறை சொல்கிற அளவுக்கு ஆகிவிட்டான் என்றால் பிழைத்துவிட்டான் என்று சங்கரவடிவுக்கு நிம்மதி.

வீட்டுக்குப் போகச் சொன்ன அன்று டாக்டர் கிரேஸ் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். கோபப்படக் கூடாது."

"கோபப்படக் கூடாதுன்னா கோபப்படுத விஷயம்தான். சொல்லுங்க."

"அந்த மூணு நாள் கெடு ஈரலுக்கு இல்ல."

சங்கரவடிவுக்குப் புரியவில்லை.

"ஆராய்ச்சியில, யாருக்கும் வைக்க முடியாதுன்னு ஒதுக்கின ஒரு ஈரலைத் தூங்க வெச்சோம். மூணு வாரம் தூங்கிச்சு. எழுப்பினா எழுந்து பித்தநீர் விட்டுச்சு. ஒரு தடவை இல்ல, பல தடவை பாத்தாச்சு. எவ்வளவு தூரத்து ஊருக்கும் ரயில்ல கொண்டுபோக ரெண்டு நாள் தாராளம். ஒரு நாள் கூடச் சேர்த்து மூணுன்னு நாங்க சில பேர் உக்காந்து முடிவு பண்ணினோம். அதுக்கு மேல தாங்காதுன்னு சொல்லி வெச்சோம்."

"மூணு வாரமா!" சங்கரவடிவு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "ஒரு வார்த்தை சொல்லப்படாதா? மூணு வாரம் தாங்கும்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா, நான் சந்திராஷ்டமம் கழியட்டும், அமாவாசை கழியட்டும், ஆடி மாசமே கழியட்டும்னு..."

அங்கேயே நின்றுபோனாள்.

"சொல்லியிருந்தா என் தம்பியை நானே கொன்னுருப்பேன்," என்றாள் சங்கரவடிவு, மெதுவாக.

உட்கார்ந்தாள். மேசை மேலிருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தாள். "இதை எதுக்கு இப்ப எங்கிட்ட அவுத்து விடுதீய?"

"இனி மறைக்க முடியாது. வேற நாட்டுலயும் கண்டுபிடிச்சிட்டாங்க. கெடுவை ஒரு மாசமா நீட்டணும்னு பெரிய பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் கேக்குது. ஈரலைச் சேர்த்து வெச்சுக்கிட்டு, வேணுங்கிறவங்க வேணுங்கிறப்போ வந்து எடுத்துக்கலாமாம். அடுத்த வாரம் சென்னையில கூட்டம். செல், உப்பு, வாசல்னு நான் பேசுவேன். அதையெல்லாம் அவங்களும் பேசுவாங்க, என்னைவிட நல்லாவே பேசுவாங்க. காத்துக்கிட்டு இருக்கிறது எப்படி இருக்கும்னு பேச எங்க யாருக்கும் தெரியாது. நீங்க வருவீங்களா?"

"நான் ஜாக்கெட் தைக்கிறவ. அந்தக் கூட்டத்துல நான் என்னத்தைப் பேச?"

"அன்னைக்கு நடைபாதையில பேசினதைப் பேசுங்க."

சங்கரவடிவு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று அவள் கேட்பாள் என்று டாக்டர் காத்திருந்தார். அவள் கேட்கவில்லை.

"வாரேன். ஆனா தனியா வர மாட்டேன். முப்பிடாதியையும் கூட்டிட்டுத்தான் வருவேன். நான் பேசுததைவிட அவ பேசணும்."

"யாரு முப்பிடாதி? எனக்கு அப்படி யாரையும் தெரியாதே," என்றார் டாக்டர் கிரேஸ், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"உங்களுக்குத் தெரிய வேண்டாம். ரெண்டு பொம்பளை வருவாளுவ, நாற்காலி போட்டு வையுங்க."